முதியோரும் சந்தைப் பையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய ஆசிரியர்களின் பெருமையையோ துடுப்பாட்டத் திடலின் நினைவுகளையோ யான் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் கத்தரிக்காயும் கீரைப்பிடியும் பயறும் பற்றியது. இது மலருக்கு ஏற்றதோ என்று நகைப்பார் நகைக்க. 1960களில் இக்கல்லூரியை விட்டு நீங்கிய எம்மனோர் இன்று எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் நிற்கின்றோம். எம்முள் இருவர் வீதியிற் சந்தித்தால் முதலிற் பேசுவது இரத்தத்திற் சீனி எவ்வளவு என்பது. அடுத்துப் பேசுவது பிள்ளைகள் எந்த நாட்டில் என்பது. இவ்விரு பேச்சுக்கும் இடையே ஒரு தொடர்பு உண்டு. அதனையே ஈண்டுச் சொல்லப் புகுகின்றேன்.

என் கருத்து இது. முதியவர் ஒருவர் நடக்கவும் காணவும் வல்லராயிருக்குமளவும், தாம் உண்ணும் பொருளைத் தாமே பார்த்து வாங்குதல் வேண்டும். பிள்ளைகள் அன்பு மிகுதியால் அவ்வேலையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வது அவருக்கு நன்மையன்று.

யாழ்ப்பாணத்திற் சந்தைக்குப் போதல் பெரும்பாலும் ஆண்மக்களின் வேலையாகவே இருந்து வந்தது. காலையிற் சைக்கிளின் கைப்பிடியிற் பையைக் கொழுவிக்கொண்டு புறப்படுவோம். ஆனால் எமது தலைமுறையினர் பொருள் வாங்கும் வித்தையைக் கற்றது நிறைவிலன்று, குறைவிலேயே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த பங்கீட்டு முறை, கூப்பன் என்ற பெயரோடு எம் இளமைக் காலம் முழுவதும் நீடித்தது. 1973 இல் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றோம். 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் சீனியும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரும்பொருளாயின. உள்ளங்கையிற் சிறிது சீனியையோ பனங்கட்டித் துண்டையோ வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடித்த வீடுகள் எத்தனை! 2022 இல் மீண்டும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. ஆகவே, கிடைக்கும்போது வாங்கி வை, கெடாததாகப் பார்த்து வாங்கு என்னும் இரண்டு விதிகள் எம் எலும்பிற் பதிந்துவிட்டன. பஞ்ச காலத்தில் அவை உயிர் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் நெடுநாள் கெடாதிருக்கும் பொருள் யாது? தீட்டிய வெள்ளையரிசி, கோதுமை மா, சீனி, பிஸ்கற், உப்பிலிட்ட ஊறுகாய், தகரத்தில் அடைத்தவை. எழுபது வயதுக்காரருக்கு வைத்தியர் குறைக்கச் சொல்லும் பொருள்களின் பட்டியலும் ஏறக்குறைய இதுவே. சேமித்து வைக்கும் பழக்கத்தை நாம் விட்டோமில்லை. அது நம்மை இப்பொழுது நோயாளராக்குகின்றது.

நிற்க. என் கதைக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், மழைநாள் ஒன்றில், சந்தையிலிருந்து திரும்பும் வழியிற் சைக்கிளோடு சறுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு கிழமையில் அது பொருந்திவிட்டது. ஆனால் செய்தி ரொறன்ரோவிலுள்ள என் மகனுக்கு எட்டியதும், "அப்பா, இனிச் சைக்கிளும் வேண்டாம், சந்தையும் வேண்டாம். எல்லாம் வீட்டுக்கு வரும்" என்று தொலைபேசியில் ஆணையிட்டான். அவ்வாறே மாதம் ஒருமுறை, நகரத்துப் பெருங்கடை ஒன்றிலிருந்து வாகனத்தில் ஒரு பெட்டி வந்து முற்றத்தில் இறங்கியது. அவன் அங்கிருந்து கணினித் திரையிற் படங்களைப் பார்த்துத் தெரிவு செய்து பணமும் கட்டிவிடுவான். அயலவர் எம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டனர்.

அப்பெட்டியில் இருந்தவற்றைச் சொல்கின்றேன். கோதுமை மா, சீனி, கொழுப்பு நீக்காத பால்மா, மோல்ற் மாத் தகரங்கள், கிறீம் கிறாக்கர், சொக்கலேற் பூசிய பிஸ்கற், ஜாம், பொதியில் அடைத்த பழச்சாறு, நூடில்ஸ், நீரிழிவு உள்ளோருக்கு என எழுதப்பட்ட இன்னொரு வகைப் பிஸ்கற். இவற்றுள் ஒன்றேனும் யான் கேட்டதன்று. நெடுநாட் சென்ற பின்பே எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. என் மகன் 1983 இற் பிறந்தவன். பொருளாதாரத் தடையின்போது அவனுக்கு ஏழு வயது முதற் பன்னிரண்டு வயது. அந்நாளில் அவன் கேட்டு யான் வாங்கிக் கொடுக்க இயலாது போனவை எவையோ, அவற்றையே இன்று அவன் எனக்கு அனுப்புகின்றான். இதனை உணர்ந்த பின், வேண்டாம் என்று சொல்ல என் நா எழவில்லை. பெட்டி வந்துகொண்டேயிருந்தது.

வீட்டிற் கீரை அருகிற்று. "வந்ததைத்தானே காய்ச்சலாம்" என்பாள் என் மனைவி. காலையிற் பாணும் ஜாமும், பத்து மணிக்கு மோல்ற் தேநீர், இரவிற் கோதுமை மாப் பிட்டு. ஒன்றரை வருடத்தில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சீனிப் பரிசோதனை 7 இலிருந்து 9 க்கு ஏறிற்று. அதனினும் என்னை அச்சுறுத்தியது வேறொன்று: சாய்மனையிலிருந்து இரு கைகளையும் ஊன்றாமல் எழ இயலவில்லை. என்னிடம் படித்த வைத்தியர் ஒருவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, என்ன உண்கின்றீர் என்று வழமைபோலக் கேட்டார். பின்பு சிறிது யோசித்து, "மாஸ்ரர், வீட்டுக்குச் சாமான் ஆர் வாங்குறது?" என்றார். வேறெந்த வைத்தியரும் என்னிடம் கேளாத கேள்வி அது. மருந்தில் ஒரு குளிசையை மாத்திரம் கூட்டிவிட்டு, கிழமையில் இரண்டு நாள் நடந்து சந்தைக்குப் போய்வரும்படி பணித்தார்.

திருநெல்வேலிச் சந்தைக்கு யான் திரும்பச் சென்ற அன்று, கீரை விற்கும் பெண், "கன நாளாக் காணேல்லை மாஸ்ரர், சுகமில்லையோ?" என்று கேட்டாள். பெட்டி கொண்டுவந்த வாகனக்காரர் ஒருநாளும் அவ்வாறு கேட்டாரல்லர்; அது அவர் தொழிலுமன்று. முதியவருக்குச் சந்தை என்பது பொருள் வாங்கும் இடம் மாத்திரமன்று. போகவர நடை, பேரம் பேசக் கணக்கு, முகமறிந்தவரோடு நான்கு வார்த்தை ஆகிய மூன்றும் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன.

இனி, வாங்குதலிற் கவனிக்கத் தக்கவற்றுள் யான் பட்டறிந்தவற்றைச் சொல்வேன்.

வயிறு நிறைந்திருக்கும்போதே கடைக்குப் போகவேண்டும். பசியோடு போனவன் பையில் வாய்ப்பன் ஏறிவிடும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மாத்திரம் வாங்குக. கீரையும் காயும் புதியனவாய் இருக்கும், பையும் பாரமாகாது. பாரத்தை ஒரு கையில் தூக்காது இரண்டு சிறு பைகளாகப் பிரித்து இரு கையிலும் கொள்ளல் நன்று. ஒரு பக்கம் சாய்ந்து நடப்பவரே பெரும்பாலும் விழுகின்றனர் என்பது என் அநுபவம்.

எம்மவர் மிகத் தவறு செய்வது புரதச்சத்து விடயத்தில். வயது ஏற ஏற உணவு குறைய வேண்டும் என்று எண்ணிச் சோற்றோடு கறியையும் பயறையும் குறைத்து, ஈற்றில் தேநீரும் பிஸ்கற்றுமாய் நின்றுவிடுகின்றோம். உண்மை இதற்கு மாறானது. முதுமையிற் தசை தானே கரைகின்றது. அதனைத் தடுக்க, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று முதியோர் போசாக்கை ஆராய்ந்த அறிஞர் 2013 இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகின்றது. அறுபது கிலோ நிறையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். பாசிப்பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. பயறு, கடலை, கௌபி, உழுந்து, பருப்பு ஆகிய இவை பலசரக்குக் கடையிற் கால் கிலோவாகவும் நிறுத்து வாங்கத்தக்கவை. முதல் நாள் ஊறவைத்து முளை கட்டிய பயறு மெல்லவும் செமிக்கவும் எளிது. பல் இல்லாதவர்க்குப் பயற்றங்கஞ்சி உண்டு. சிறுநீரக நோயுடையார் மாத்திரம் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்க.

சைவ உணவினராகிய எம்மில் முதியோர்க்கு இன்னொரு குறையும் நேரும். விற்றமின் பீ 12 என்னும் சத்து மரக்கறியிற் கிடைப்பதில்லை. பாலிலும் தயிரிலும் உண்டு. முதுமையில் உணவிலிருந்து அதனைப் பிரித்தெடுக்கும் இரைப்பையின் ஆற்றல் குறையும். நீரிழிவுக்கு நாம் விழுங்கும் மெற்போமின் குளிசையும் அதனைக் குறைக்கும். கால் விறைப்பையும் மறதியையும் வயதின் குற்றம் என்று தள்ளிவிடாது, ஒருமுறை இரத்தத்தைச் சோதிப்பித்தல் நன்று. நாளுக்கு ஒரு கோப்பை பாலோ தயிரோ பையில் இடம்பெறட்டும். மச்சம் உண்பவர்க்குச் சூடை, சாளை போன்ற சிறுமீன் மலிவும் நலமும் ஆம். முள்ளோடு உண்டால் எலும்புக்குக் கல்சியமும் கிடைக்கும்.

அரிசியைப் பற்றி நீட்டிச் சொல்லவேண்டுவதில்லை. தவிடு போகாத சிவப்பரிசியும் புழுங்கலரிசியும் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியினும் மேலானவை. நமது மொட்டைக்கறுப்பன் கிடைக்கும்போது விடாதீர். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. இவ்வளவு உள்ள தானியம் வேறில்லை. ஆயினும் குரக்கனும் மாவே. நீரிழிவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு குரக்கன் றொட்டி உண்ணும் அன்பர் ஒருவரை அறிவேன். அவர் சீனி குறைந்தபாடில்லை.

கீரை வகையில் யாழ்ப்பாணம் வறுமையுற்றதன்று. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை, குறிஞ்சா என்று கிழமை முழுதும் ஒன்று திரும்ப வாராது வறை செய்யலாம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கின்றது. ஒரு கீரைப்பிடியும் ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய்க் கறியும் ஒரு துண்டு பப்பாசிப்பழமும் ஒரு கொய்யாவும் அவ்வளவை நெருங்கிவிடும். ஓர் எச்சரிக்கை: இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மருந்து எடுப்போர் கீரையைத் திடீரெனக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கீரையிலுள்ள விற்றமின் கே அம்மருந்தின் வேலையைத் தடுக்கும். நாள்தோறும் ஒரே அளவு என்பதே அவர்க்கு விதி.

உப்பு விடயம் மிக நுட்பமானது. வயதாகும்போது நாவின் சுவையுணர்வும் மூக்கின் மணவுணர்வும் மங்குகின்றன. மனைவியின் கைப்பக்குவம் குறைந்துவிட்டது என்று குறை கூறுகின்றோம். குறைந்தது நம் நாக்கு. உடனே அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் என்று தேடுகின்றோம். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை நாளுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பு. அஃதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி. பாணிலும் கிறீம் கிறாக்கரிலும் உள்ள உப்பு நம் கணக்கில் வருவதேயில்லை. இதற்கு யான் கண்ட வழி, பையில் எலுமிச்சம்பழம், இஞ்சி, கறிவேப்பிலை, மிளகு, கொத்தமல்லி ஆகியவற்றைக் கூட்டுதல். புளிப்பும் மணமும் ஏறினால் உப்பின் குறைவு தெரியாது. முதல் இரண்டு கிழமை மாத்திரம் முகஞ்சுழிக்கும்.

பெருங்கடைகளுக்குப் போகவே கூடாது என்று யான் சொல்லவில்லை. போகும்போது பூதக்கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையிற் கொண்டு போகவேண்டும் என்றே சொல்கின்றேன். பொதியின் முகப்பில் உள்ளது விளம்பரம். உண்மை முதுகில் சிற்றெழுத்தில் உள்ளது. சேர்ந்துள்ள பொருள்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்றினுள் சீனி வருமாயின் அதனைத் திரும்பத் தட்டில் வைத்துவிடலாம். எனக்கு வந்த மோல்ற் மாத் தகரத்தில் அது முன்வரிசையிலேயே இருந்தது. சீனி சேர்க்காத பிஸ்கற் என்பதும் கோதுமை மாவும் கொழுப்பும் ஆனதே. மா இரத்தத்தில் சீனியாகவே மாறும். இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்பட்டு வருகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 க்குக் குறைந்தாற் பச்சை. சிவப்பு எல்லையைத் தொடும் 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 44 கிராம், ஏறக்குறைய பதினொரு தேக்கரண்டி சீனி இருக்கும். பேரப்பிள்ளைகள் வரும்போது வாங்கிவைத்து, அவர்கள் போனபின் மிச்சத்தை நாம் குடிக்கின்றோம்!

காலாவதித் திகதியையும் பார்க்கவேண்டும். ஒன்று வாங்கினால் ஒன்று இனாம் என்று அடுக்கி வைத்திருப்பதில் திகதி அருகில் வந்துவிட்ட பொருள்களும் இருத்தல் உண்டு. இருவர் மாத்திரம் வாழும் வீட்டுக்குப் பெரிய பொதி மலிவன்று. பாதி வண்டுக்கும் கறளுக்கும் போகும்.

என் கருத்துக்குத் தடை சொல்வார் உளர். விலைவாசி இருக்கும் இருப்பில் ஓய்வூதியக்காரன் கீரையும் பழமும் தெரிந்து வாங்க முடியுமோ என்பர். 2022 செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்தது. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்ததேயன்றி, பழைய விலை மீளவில்லை. உண்மைதான். ஆயினும், எனக்கு வந்த பெட்டியின் பற்றுச்சீட்டையும் சந்தைச் செலவையும் இரண்டு மாதம் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். பெட்டியின் விலையிற் பாதிக்குச் சற்று மேலேயே சந்தைச் செலவு நின்றது. மோல்ற் மாவும் பிஸ்கற்றும் பழச்சாறும் ஆகிய மூன்றின் விலையே பயறுக்கும் பாலுக்கும் பழத்துக்கும் போதுமாயிருந்தது.

இரண்டாவது தடை வலியது. படுக்கையிற் கிடப்போரும், கண்பார்வை இழந்தோரும், தனித்து வாழும் கைம்பெண்களும் சந்தைக்கு எவ்வாறு போவர்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர். அத்தொகை அதன்பின் வளர்ந்தே வருகின்றது. பிள்ளைகள் யாவரும் புறநாடு சென்ற வீடுகள் எம் ஊரிற் பல. அன்னோர்க்குப் பிறர் வாங்கிக் கொடுத்தே ஆகவேண்டும். அப்பொழுதும் பட்டியல் அவருடையதாய் இருக்கட்டும். இம்மலரைப் புறநாட்டிலிருந்து படிக்கும் இளைய அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பெட்டியை அனுப்பாது பணத்தை அனுப்புங்கள். தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேளாதீர், ஆம் என்றே விடை வரும். "இன்று சந்தையில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். அவர் உடல்நிலையும் மனநிலையும் அவ்விடையில் வெளிப்படும்.

பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டடங்களுக்கும் கேடயங்களுக்கும் நிதி திரட்டும் சங்கம், நம் ஊர்ச் சந்தைகளில் முதியோர் சற்று அமர்ந்து இளைப்பாற நிழலில் இரண்டு வாங்குகளும் குடிநீரும் துப்புரவான மலசலகூடமும் அமையுமாறு பிரதேச சபைகளை நாடிக் கேட்டல் தகும். செலவு பெரிதன்று. எண்பது வயதுக்காரர் ஒருவர் சந்தைக்குப் போகாது விடுவதற்கு மலசலகூடம் இன்மையே காரணமாதல் உண்டு. இதனை வாய்விட்டுச் சொல்ல நாணி, கால்வலி என்பார்.

என் மகனுக்கு இவையெல்லாவற்றையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதினேன். தொலைபேசியிற் சொல்லத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள், பெட்டியை நிறுத்திவிட்டதாகவும், ஆனால் யான் சைக்கிளில் ஏறலாகாது என்பது நிபந்தனை என்றும் அறிவித்தான். ஒப்புக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு, அந்தச் சொக்கலேற் பிஸ்கற் ஒரு பொதி மாத்திரம் அனுப்பலாம் என்றும் எழுதினேன். அதனை மனைவியும் யானும் பங்கிட்டு உண்போம்.

இப்பொழுது சீனி 7 க்குச் சற்று மேல் நிற்கின்றது. சாய்மனையிலிருந்து ஒரு கை ஊன்றி எழுகின்றேன். மற்றக் கைக்கு இன்னும் சில மாதம் செல்லும் என்கிறார் வைத்தியர். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு நடந்து திருநெல்வேலிச் சந்தைக்குப் போகின்றேன். அயலில் வாழும் பழைய மாணவர் எவரேனும் உடன்வர விரும்பின் வரலாம். யான் மெல்லவே நடப்பேன்.